சுண்டுவின் தலை

மார்ச் 3, திங்கள்

காப்பகத்துப் பொறுப்பாளர் பொய் சொன்னார். என் மகளுக்குச் சொறி இல்லை.

இதை முதலில் எழுதிவிடுகிறேன். காலையில் வாசலில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளை விட்டுப் போக வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பொறுப்பாளர் சுண்டுவின் முடியை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தார். பிறகு அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். "இது சொறி. மத்த பிள்ளைங்களுக்குத் தொத்திக்கும். சுத்தம் பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க." உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவள் ஓர் அடி தள்ளிப் போனாள்.

ஆயா வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் காப்பகத்தில் சுண்டுவுக்கு ஆயாதான் எல்லாம். பொறுப்பாளர் ஒரு பார்வை பார்த்ததும் ஆயா கையை மடக்கிக்கொண்டார். சுண்டு மட்டும் என் தோளிலிருந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குப் பதினான்கு மாதம். பிறந்து கொஞ்ச நாளிலேயே உச்சந்தலையில் மஞ்சளாகச் செதில் கட்ட ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், தானாகப் போய்விடும் என்றார்கள். பல் வந்தது, நடை வந்தது, இது போகவில்லை. மெழுகு உருகி உறைந்த மாதிரி நெற்றி வரை இறங்கியிருக்கிறது. அவளுக்கு வலி இல்லை, அரிப்பு இல்லை. தின்கிறாள், சிரிக்கிறாள், தூங்குகிறாள். பார்க்கிறவர்களுக்குத்தான் தாங்கவில்லை.

காப்பகம் சேர்க்காவிட்டால் நான் ரொட்டி ஆலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் தயார். இன்று அண்ணி பார்த்துக்கொண்டாள். அண்ணி என்றால் இவனுடைய, என் புருஷனுடைய, அக்கா. எங்களோடுதான் இருக்கிறாள், வீட்டிலேயே தையல் வேலை. "நான் பொறுத்துக்குவேன், என் மெஷின் பொறுத்துக்காது" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மார்ச் 4

இவன் பேன் சீப்பை எடுத்துச் செதிலைச் சீவி எடுக்கப் பார்த்தான். ஒரு செதில் முடியோடு சேர்ந்து வந்தது. அந்த இடத்தில் ரத்தம் முத்து மாதிரி நின்றது. சுண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"நீ ஒழுங்கா தலைக்கு ஊத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" என்று என்னைக் கேட்கிறான்.

"உனக்குக் கை இல்லையா?" என்று கேட்டேன். அண்ணி உள்ளிருந்து இருமினாள். அண்ணி முன்னால் இவனை நான் 'ங்க' போட்டுப் பேச வேண்டும். மறந்துவிட்டேன். மறந்தது நல்லதுதான்.

ஒன்று கவனித்தேன். இந்தத் தலையைப் பார்த்த எல்லாரும் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். இவனை இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

எனக்கு முன்னால் அந்தச் சொல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பேக்கிங் மேசையில் எனக்கு எதிரே நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் மகனும் அதே காப்பகம்தான். "நான் யார்கிட்டயும் சொல்லலடி. ரெண்டே பேர்கிட்டதான் சொன்னேன்" என்றாள். அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் சூப்பர்வைசர்.

"சொறின்னு கேள்விப்பட்டேன். இது ரொட்டிம்மா, ஜனங்க வாயில வைக்கிறது."

"ரொட்டி அடுக்க என் பிள்ளை வரல சார். நான்தான் வர்றேன்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் தட்டு கழுவுற பக்கம் இரு."

என் நல்லதுக்கு. கொதிக்கிற தண்ணீர், கையைத் தின்கிற சலவைச் சோடா, நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். மேசையில் இருந்தபோது தலையில் உறை, கையில் உறை, நகம் வெட்டியிருக்கிறதா என்று தினமும் சோதனை. ஒரு முடி விழ விடமாட்டார்கள். மாவுக் கிடங்கில் எலி ஓடுகிறது. அதை ஆலை வாசலில் நின்று யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

மார்ச் 6

தொப்பி போட்டு அனுப்பினால் தெரியாது என்கிறான் இவன். கம்பளித் தொப்பி, இந்தப் புழுக்கத்தில். அண்ணிக்கும் அது சரி என்று பட்டது. போட்டு வைத்தார்கள். சாயங்காலம் கழற்றினால் தலை வேர்த்து, செதில் ஊறி, கெட்டுப்போன எண்ணெய் வாடை.

தொப்பியைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 8, சனி

தோல் மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். இவன் லீவு போட்டு வந்தான். அதைப் பாராட்ட வேண்டுமாம். பாராட்டினேன்.

மருத்துவர் சின்ன வயசுக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். வெளியே இன்னும் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் சுண்டுவின் தலையைக் கையுறை இல்லாமல் தொட்டார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது சொறி இல்ல. யாருக்கும் தொத்தாது. அழுக்குனால வர்றதும் இல்ல. சின்னப் பிள்ளைங்க தலைத்தோல்ல வர்றதுதான், சிலருக்குப் பிடிவாதமா நிக்கும்." பிறகு கேட்டார். "எண்ணெய் வைக்கிறது யாரு?"

"நான்தான்." மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வைக்கிறேன். அண்ணி லீவு நாளில் மத்தியானம் வைக்கிறாள், இப்போது தினமும். இவன் வேலை முடிந்து வந்து மடியில் உட்கார்த்தி வைக்கிறான். செதில் ஊறி வந்துவிடும் என்று ஒவ்வொருவரும் தான் மட்டும் வைப்பதாக நினைத்துக்கொண்டு. தலைக்கு ஊற்றுவது மட்டும் வாரத்துக்கு ஒரு நாள், சளி பிடிக்குமே என்று. அன்றைக்கும் சீயக்காயோ சோப்போ கிடையாது, கண் எரியுமே என்று.

"அப்ப பிள்ளை தலையில இருக்கிறது பாதி செதில், பாதி உங்க பாசம்" என்றார் மருத்துவர். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

எண்ணெய் தப்பில்லையாம். வைத்துவிட்டு அப்படியே விடுவதுதான் தப்பு. குளிப்பாட்டும் முன் கொஞ்ச நேரம் ஊற விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, குழந்தை ஷாம்பூ போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்படி அலச வேண்டும். நகத்தால் பிய்க்கக் கூடாது. பேன் சீப்பு பற்றி இவனே ஒப்புக்கொண்டான். மருத்துவர் அந்தக் காயத்துக்கு ஒரு களிம்பு எழுதினார்.

மார்ச் 9

முதல் குளியல். நான் பிடித்துக்கொள்ள, இவன் தேய்க்க, அண்ணி கண்ணில் போகாமல் கையால் அணை கட்ட, சுண்டு ஊரைக் கூட்ட. முடிந்து பார்த்தால் எங்கள் மூன்று பேருக்கும் தலைக்குக் குளித்த மாதிரி இருந்தது. செதில் அப்படியே இருக்கிறது.

மார்ச் 11

அப்படியே இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஓரங்களில் விட்டிருக்கிறது. உச்சியில் அசையவில்லை. இன்று மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நான் கண்ணைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி" என்றாள்.

"அந்தக் கையால ரெண்டு சட்டை தைங்க அண்ணி."

கிண்ணத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். இந்தப் பத்துப் பதினைந்து நாளில் அவளிடமிருந்து மூன்று பேர் துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 22, சனி

மறுபடி மருத்துவர். இந்தத் தடவை மருந்து ஷாம்பூ கொடுத்திருக்கிறார், வாரத்தில் இரண்டு நாள். நுரையைக் கொஞ்ச நேரம் விட்டு அலச வேண்டும், கண்ணில் படக் கூடாது. காதுக்குப் பின்னால் சிவந்திருக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு களிம்பு, மெல்லிசாக, சில நாள்தான். கடையில் நாமாக வாங்கிப் பூசிக்கொண்டே இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

தொற்று இல்லை, காப்பகத்தில் சேர்க்கலாம் என்று ஒரு சீட்டும் எழுதி வாங்கினேன்.

மார்ச் 24, திங்கள்

சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறுப்பாளர் என்னை உள்ளே அழைத்துப்போய் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கதவைச் சாத்தினார். சீட்டைப் படித்தார், இரண்டாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"தொத்தாதுன்னு எனக்குப் புரியுதும்மா. மத்த அம்மாக்கள் கேக்கறாங்களே. தலை சுத்தமானதும் கூட்டிட்டு வாங்க."

"அவங்க யார் சொல்லிக் கேக்கறாங்க?"

"கோபப்படாதீங்க. உங்க நிலைமை எனக்குத் தெரியும்."

என்ன தெரியும்? என் கையைப் பார்த்தாரா? சோடாவில் தோல் உரிந்து கிடக்கிறது. இதுவும் செதில்தான், இதற்கு யாரும் வாசலில் பெயர் வைக்கக் காணோம். இதெல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கே வந்து எழுதுகிறேன். என்ன பிரயோஜனம்.

வெளியே வரும்போது ஆயா பின்னாலேயே வந்து குசுகுசுவென்று சொன்னார்: "நானும் மத்தியானம் தூங்க வைக்கறப்ப கொஞ்சம் எண்ணெய் வெச்சு விடுவேம்மா. பாவம் பிள்ளைன்னு."

நாலாவது ஆள்.

மார்ச் 30, ஞாயிறு

குளிப்பாட்டும்போது உச்சியிலிருந்து ஒரு செதில் தானாகப் பெயர்ந்து தண்ணீரோடு போனது. அடியில் இளஞ்சிவப்பாகத் தோல். இவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "பாத்தியா" என்றான். ஏதோ தான் கண்டுபிடித்த மாதிரி. போகட்டும், இத்தனை நாளும் தேய்த்தது அவன்தான்.

ஏப்ரல் 4

தலை சுத்தமாகிவிட்டது. காதோரத்தில் மட்டும் பொடி மாதிரி கொஞ்சம். உச்சியில் புது முடி, பூனைமுடி. அண்ணி உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்க்கிறாள், எண்ணெய் இல்லாமல். செதில் மறுபடி எட்டிப் பார்க்கலாம், பார்த்தால் பயப்படாமல் இதையே செய்யுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சரி.

ஏப்ரல் 7, திங்கள்

சேர்த்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் தலையைப் பார்த்தார், விரலைத் துடைக்கவில்லை. "ம், உள்ள போகலாம்." இதை மெதுவாகச் சொன்னார்.

ஆலையில் பேக்கிங் மேசைக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்களாம். நான் தட்டு கழுவும் பக்கமே இருக்க வேண்டும். "அங்க உனக்குப் பழகிடுச்சுல்ல" என்கிறார் சூப்பர்வைசர்.

ஏப்ரல் 10, வியாழன்

சாயங்காலம் சுண்டுவை அழைத்து வரப் போனேன். நான் வந்ததை ஆயா பார்க்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க என் சொறிக்குட்டி? சொறிக்குட்டி வாடி தங்கம், அம்மா வர்ற நேரமாச்சு."

அந்தப் பக்க மூலையிலிருந்து சுண்டு தத்தித் தத்தி ஓடி வந்து அவர் மடியில் விழுந்தாள். ரேடியோவின் மகன் "சொறிக்குட்டி, சொறிக்குட்டி" என்று அவளுக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு மூன்று வயது. அதை அவள் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆயாவின் குரலில் கிண்டல் ஒரு துளி இல்லை. வாய் நிறையப் பாசம். நான் என்னவென்று சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து சுண்டு தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். இவனும் அண்ணியும் அடுப்படியில் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காமல் மெதுவாக, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், அந்தப் பெயரில்.

திரும்பினாள். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள், தூக்கச் சொல்லி.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ஆயா கையை நீட்டினார். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பொறுப்பாளரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு இதே வாசல்ல வெச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொறின்னு சொன்னீங்க. அந்தப் பேர்லதான் இப்ப என் பிள்ளையக் கூப்பிடறாங்க. அதே வாசல்ல, அதே சத்தத்துல, இல்லன்னு சொல்லுங்க."

ஆயாவின் முகம் செத்துப்போனது. அவருக்காக வருத்தமாக இருந்தது, ஆனாலும் நான் பொறுப்பாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் தோளுக்கு மேலே, பின்னால் நின்றவளைப் பார்த்து, "அடுத்து வாங்க" என்றார்.

நான் நகரவில்லை. பின்னால் இருந்தவளும் நகரவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.