சீமாட்டியின் பின்கால்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனை எடுக்காதவர்கள் பொதுவாக நலமாகவே இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனபின் இதை உன்னால் துண்டிக்க முடியாது.

குதிரை மருத்துவர் என்ற முறையில் உன்னிடம் யோசனை கேட்கிறேன். நம் குதிரை சீமாட்டிக்கு உடம்பு சரியில்லை. பால்குடி மறக்குமுன் அவள் தாயை உன் அத்தான் விற்றாரே, நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்துவிட்டு, இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று கிளம்பினாயே, அதே சீமாட்டிதான்.

முதலில் பின்கால் இடறியது. நம் லாயத்து வழக்கப்படி லாடம் அடிப்பவரைத் திட்டினோம். லாடத்தை மாற்றியும் இடறியது. சேணத்தைக் குறை சொன்னோம். சேணம் இல்லாமலும் இடறியது. திட்ட ஆள் தீர்ந்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டோம். மாடும் நாயும் பார்க்கிறவர். ஷூவில் சாணி படக்கூடாது என்று காரில் இருந்தபடியே பார்த்தார். "நரம்புக் கோளாறும்மா, ஊசிதான் போடணும்" என்றார். எத்தனை ஊசி என்று ஆசையாகக் கேட்டேன். "ஒண்ணு போதும், அப்படியே கண்ணை மூடிடும்" என்றார்.

உன் அத்தானுக்கு அந்தச் சிக்கனம் பிடித்துப்போயிற்று. "பிள்ளைங்க ஏறி ஓட்ட முடியாத குதிரைக்கு எதுக்குத் தீனி?" என்றார். "நீங்ககூடத்தான் யாரையும் முதுகுல சுமக்கிறதில்ல. மூணு வேளையும் போடாமலா இருக்கேன்?" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு குறைவு, அமைதி அதிகம்.

நீ விட்டுப்போன தடிப் புத்தகத்தை எடுத்து நானே சோதித்தேன். சிரிக்காதே. கால் வலிக்கிற குதிரை ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி நொண்டுமாம். இவள் அடிக்கு ஒரு விதமாகத் தடுமாறுகிறாள். பின்குளம்பின் முனை இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது. நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. இழுத்தேன், படகுபோல என் பக்கமே வந்துவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கிழட்டுக் குதிரையின் வாலையும் இழுத்தேன். அவன் எதிர்ப்பக்கம் இழுத்த இழுப்பில் நான் சாணிக்குவியலில் உட்கார்ந்தேன். அவன் நரம்பு பழுதில்லை என்று நீ குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக அவள் ஒரு பின்காலைத் தூக்கி மற்றதன் குறுக்கே வைத்தேன். நல்ல குதிரை உடனே எடுத்துச் சரியாக வைக்குமாம். இவளோ கால்மேல் கால் போட்ட பெரிய மனுஷிபோல அப்படியே நின்றாள். நீ பொருத்தமாகத்தான் பெயர் வைத்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் தீனியை விடவில்லை. கூப்பிட்டால் காதைத் திருப்புகிறாள். காய்ச்சலும் இல்லை. கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறதா? கிருமியா? மழையில்லாமல் மாதக்கணக்கில் காய்ந்த புல்லையே போட்டோம், பச்சைப்புல்லின் சத்துக் குறையா? கழுத்தைப் படம் எடுக்க வேண்டுமா, ரத்தம் பார்க்க வேண்டுமா? என்ன கேட்டாலும் செய்கிறேன். அவள்மேல் யாரையும் ஏற்றுவதில்லை, வழுக்காத தரையில் தனியாகக் கட்டியிருக்கிறேன். அந்த அளவுக்கு எனக்கே புத்தி இருக்கிறது.

மாதக் கடைசியில் டாக்டர் ஊசியோடு வருகிறாராம். வரட்டும். லாயத்துச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. உன் அத்தான் பூட்டை உடைப்பதாகச் சொன்னார். சுத்தியலும் என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிவித்துவிட்டேன். தாயை விற்றபோது நான் சமையலறையில் நின்றேன். இந்த முறை வாசலில் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிழைக்க வழியுண்டு என்றால் இரண்டு வரி எழுது, போதும். வழியில்லை என்றால் எழுதாதே, போனிலும் சொல்லாதே. நேரில் வந்து, அவள் கழுத்தில் கைவைத்துச் சொல். காரில் உட்கார்ந்தபடி சொன்னவன் பேச்சைக் கேட்டு அவளை அனுப்பமாட்டேன். நீ சொன்னால் கேட்பேன். அவளும் கேட்பாள்.

லாயத்தின் பின்கதவு வழியாக வந்தால் வீட்டு வாசலை மிதிக்க வேண்டியதில்லை; உன் சபதத்துக்குப் பங்கம் வராது. அந்தக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.

நீண்ட காலம் நன்றாக இரு. சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சாவியை இறக்கி வைக்காத
உன் அக்கா