எதிர் ஷெட்டுக்கு ஒரு லைன்

18.8.2008
ஜெனரேட்டர் வந்துவிட்டது. இருபத்தைந்து கே.வி.ஏ., புதுசு. இனி கரண்ட் போனாலும் இரும்பு கடையும் என் சி.என்.சி. மெஷின் நிற்காது. சிப்காட்டை ஒட்டிய இந்தச் சந்தில் இருக்கிற ஷெட்களில் ஜெனரேட்டர் எனக்கு மட்டும்தான்.

இதே வேகத்தில் ஓடினால் சீக்கிரம் ஒரு மனை. அப்புறம் அதில் ரூம்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பையோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவனுக்கு முதல் மூன்று மாதம் வாடகை கிடையாது. நான் வந்த புதிதில் ஒரே ரூமில் ஷிஃப்ட் போட்டுத் தூங்கினோம். அதற்கும் பங்கு கொடுக்க முடியாமல் இரண்டு பேர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். இருவரும் என்னைவிட நன்றாக மெஷின் செட் பண்ணுவார்கள்.

முதலில் சம்பாதிக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாதவன் நல்லவனாக இருந்து யாருக்கு என்ன?

21.8.2008
எதிர் ஷெட் திம்மப்பன் வந்தார். இரண்டு பவர் பிரஸ் வைத்து இரும்புத் தகட்டில் கிளாம்ப் அடிக்கிறார். ஆட்கள் அவரும் அவர் சம்சாரம் சரசம்மாவும்தான். கெலமங்கலம் பக்கம் கூலி வேலை பார்த்து, கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு சொந்தமாக பிரஸ் போட்டவர்கள்.

"மோகனு, கரெண்ட்டு போற நேரத்துக்கு மட்டும் ஒரு லைன் இழுத்துக்கட்டா? டீசல் நான் ஊத்தறேன்."

"உங்க மோட்டார் ஸ்டார்ட் ஆனா வோல்டேஜ் விழும்ணா. என் மெஷின் பாதியில நின்னா டூல் போயிரும்."

"அப்பிடிங்கற?"

"அப்படித்தான்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

22.8.2008
சொன்னது பொய் இல்லை.

27.8.2008
பரமசிவம் சார் போன் பண்ணினார். நானும் திம்மப்பனும் சரக்கு கொடுக்கிற கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவர். "உன் எதிர்க்கடைக்காரன் பாதி சரக்குதான் குடுக்கறான்பா. அடுத்த மாசம் பதிமூணாம் தேதி ஃபுல் லாட் வரணும். வரலைன்னா அந்த கிளாம்ப் ஐட்டம் உனக்கு. ஒரு பிரஸ் பாத்து வை."

கிளாம்ப் ஆர்டர் வந்தால் மனை ஒரு வருடம் முன்னாலேயே கைக்கு வரும். அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் தங்கிப் போகலாம்! நான் யாரையும் தள்ளிவிடவில்லை. சும்மா இருக்கிறேன், அவ்வளவுதான்.

1.9.2008
ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பழைய பிரஸ் பார்த்தேன். பரவாயில்லை. கிளட்ச் மட்டும் மாற்ற வேண்டும்.

3.9.2008
டீக்கடையில் சரசம்மா. ரூம் கட்டப் போகிற கதையை நான்தான் இந்தச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்பா மோகனு, ஊரு பேரு தெரியாத பசங்களுக்கு ரூம் கட்டிக் குடுக்கப் போறியாமே. எங்களுக்கும் ஒண்ணு எழுதி வை. இந்த ஷெட்டக் காலி பண்ணிட்டு நேரா அங்கதான் வரணும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மாவும் சிரித்தது. என்னால் முடியவில்லை. டீ பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

4.9.2008
கோபம். யார் மேல்?

பவர் பிரஸ் மோட்டார் ஒரு தடவை ஸ்டார்ட் ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும். அடிக்கிற வேலையைச் சுற்றிக்கொண்டிருக்கிற ஃப்ளைவீல் சக்கரம் பார்த்துக்கொள்ளும். ஆகவே முதலில் அவருடைய இரண்டு மோட்டாரும், அவை வேகம் பிடித்த பிறகு என் மெஷின். வோல்டேஜ் விழாது, டூலும் போகாது. இது அவர் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதானே வாயை மூடிக்கிட்டிருந்தேன்!

இன்னிக்கு எதிர் ஷெட்காரனை இல்லாதவனா ஆக்கிட்டு, நாளைக்கு இல்லாதவனுக்கு ரூம் கட்டிக் குடுக்கறதா? இதென்னடா கணக்கு?

6.9.2008
கேபிள் இழுத்தாயிற்று. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சை அவர் பக்கம் போட்டேன். டீசலுக்குக் காசு வேண்டாம் என்றேன். திம்மப்பன் விடவில்லை.

"ஓசி கரெண்ட்டுல ஓடுற பிரஸ்ஸு வெரலக் கேக்கும் சாமி. டீசல் நம்முளுது."

"வோல்டேஜ் விழும்னியே?" என்று சரசம்மா கேட்டது. விழாமல் பண்ண வழி இருக்கிறது, முன்னாலேயே தெரியும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பிரஸ்ஸுக்கு எண்ணெய் விடப் போய்விட்டது.

13.9.2008
திம்மப்பன் ஃபுல் லாட் ஏற்றிவிட்டார். வண்டி போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய். ஒரு வருடம் போகிறது என்றுதான் தோன்றியது.

15.9.2008
பரமசிவம் சாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "உனக்கு நல்லது பண்ணப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்." போனை வைத்துவிட்டார். பழைய பிரஸ் வேண்டாம் என்று ராயக்கோட்டை ரோட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

8.10.2008
ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தேன். திம்மப்பன் வந்து ஜெனரேட்டருக்குத் தனியாக மாலை போட்டார். மாலை ரேடியேட்டரை மறைக்கிறது, இஞ்சின் சூடாகும் என்று எடுத்து நகர்த்தி வைத்தேன். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் இஞ்சினீரா இருக்காதடா" என்றார். முதல் தடவை டா போட்டிருக்கிறார்.

17.11.2008
கடைசி ஷெட் பொன்னுசாமி வந்து வாசலில் நின்றார். வெல்டிங் வேலை. அவருக்கும் லைன் வேண்டும்.

இதற்கு உண்மையாகவே முடியாது. வெல்டிங் ஆர்க் பிடித்தால் என் மெஷின் நிச்சயம் நிற்கும். பேப்பரில் போட்டே காட்டினேன். அவருக்குப் புரிந்தது. "சரிப்பா, லோடு தாங்காதுன்னா நீ என்ன பண்ணுவ" என்று எழுந்து போனார்.

பேப்பர் சரிதான். ஆனாலும் சாயங்காலம் வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

22.11.2008
குருபரப்பள்ளி போனேன். ஹைவே ஓரத்தில் பழைய ஜெனரேட்டர் விற்கும் கடை. அறுபத்திரண்டு கே.வி.ஏ. ஒன்று நன்றாக இருக்கிறது. இஞ்சின் சத்தம் சுத்தம். என்னுடையதை எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்கிறார்கள். மனைக்குச் சேர்த்ததில் கை வைக்க வேண்டும். மனை தள்ளிப் போகும். போகட்டும், விட்டுவிடவில்லை.

கடைக்காரர் லோடு என்ன என்று கேட்டார். இரண்டு பிரஸ், ஒரு வெல்டிங் செட், ஒரு சி.என்.சி. என்றேன்.

"இதுல உங்களது எது சார்?"

"சி.என்.சி."

"அதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெருசு? இருபத்தஞ்சே போதுமே."

"போதும்," என்று சொல்லி அட்வான்ஸைக் கொடுத்தேன்.