எண்பத்தெட்டு என்று காட்டிய காலை

எப்பவும் எனக்கு ரெண்டடி முன்னாலேயே நடக்கிற என் அண்ணாவுக்கு,

மூணாவது தடவையா இதை எழுத ஆரம்பிக்கிறேன். ரெண்டு வரி எழுதறேன், எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், மறுபடி உட்காருறேன். போன வாரம் தாம்பரத்தில் ரயில் ஏறினதும் பக்கத்தில் ஒருத்தர் இருமினார். அடுத்த ஸ்டேஷன் சானடோரியத்திலேயே இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினேன். கொரோனா போய்விட்டது என்கிறார்கள். எங்கே போனது? சாதாரணச் சளி, காய்ச்சல் மாதிரி வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் இன்னும் ரெண்டாம் அலை வந்த அந்த மே மாசத்திலேயே நிற்கிறேன்.

உன் மகள் ஜெனிக்கு இப்போ காலேஜில் கடைசி வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சேலையூர் வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் காய்ச்சல். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

"அத்தை, உள்ளே வராதீங்க."

"ஃப்ளூதானேடி? கஞ்சியை வச்சுட்டுப் போயிடறேன்."

"வேணாம். அப்பாவுக்குக் கொடுத்தது போதும்."

கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகில் போனேன். அந்த மே மாசம் வீட்டில் முதலில் இருமினது அவள்தான். ரெண்டு நாள் ருசி, வாசனை தெரியவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது. நாலாம் நாள் நீ படுத்தாய். பத்தாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை தானே தன்மேல் ஒரு தீர்ப்பு எழுதி, இத்தனை வருஷமாக வாயே திறக்காமல் சுமந்திருக்கிறாள்.

"இருமல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிடும்டி. சிலருக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா பேசற மூச்சுலயே அடுத்தவங்களுக்குப் போயிடும். அந்த வாரம் அப்பா மளிகைக் கடை, மருந்துக் கடை, ஒரு அடக்கம்னு எங்கெல்லாம் போனார்! யார்கிட்டேருந்து யாருக்குன்னு டாக்டராலயே சொல்ல முடியாது."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

யாரிடமும் சொல்லாததைக் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

உனக்குக் காய்ச்சல் வந்த ஏழாம் நாள் காலை. அண்ணியும் படுத்திருந்ததால் உங்களைப் பார்த்துக்கொள்ள நான் வந்திருந்தேன். உன் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கருவியை மாட்டினேன். எண்பத்தெட்டு. நீ சிரித்தாய். "எண்பத்தெட்டுல இருக்கிறவன் இப்படி வாயடிப்பானா ஸ்டெல்லா? பேட்டரி போச்சு, மாத்து." மாற்றினேன். மறுபடியும் எண்பத்தெட்டு. விரல் ஜில்லென்று இருக்கிறது, அதான் என்றாய். இட்லி கேட்டாய். விளையாட்டு விழாவில் ஒரு பையன் எதிர்ப்பக்கமாக ஓடின கதையைச் சொன்னாய். நீ பி.டி. வாத்தியார், விசில் ஊதினால் கேம்ப் ரோடு வரைக்கும் கேட்கும். அந்த நுரையீரலை நம்பினேன். உன்னை மாதிரி சர்க்கரை இருக்கிறவர்களை இந்த நோய் கடுமையாகத் தாக்கும் என்று தெரியும், நீ தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதும் தெரியும். தெரிந்தும் நம்பினேன்.

மூச்சுத் திணறலே தெரியாமல் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குமாம், ஆள் பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பாராம். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டுமாம். பிறகுதான் சொன்னார்கள். மறுநாள் மதியம் உன் உதடு நீலமான பிறகு ஓடினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று திரும்பியது. பெட் கிடைத்துப் பதினோரு நாள். அப்புறம் கல்லறைத் தோட்டத்தில், முகம் தெரியாமல் சுற்றிய ஒரு மூட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தோம்.

அந்த ஒரு நாள் முன்னாடி போயிருந்தால்? "சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அந்தப் பதில்தான் என்னை உட்கார விடவில்லை.

சொல்லி முடித்துத் திரும்பினால் பின்னால் அண்ணி நிற்கிறார்கள். வெளியே போ என்பார்கள் என்று நினைத்தேன்.

"முந்தின நாள் சாயந்திரம் நான் வச்சப்போ தொண்ணூறு ஸ்டெல்லா. 'தங்கச்சிகிட்ட சொல்லாதே, பயந்துடுவா'ன்னார். நானும் சொல்லல."

கதவு திறந்தது. மாஸ்க்கோடு ஜெனி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கஞ்சியை வாங்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள். அந்தப் பதினோரு நாளையும் முதல் தடவையாக மூணு பேரும் பேசினோம்.

பாரம் இறங்கியதா என்று கேட்காதே. எனக்கு உன்மேல் கோபம் வருகிறது அண்ணா. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகச் சமாதானப்படுத்திவிட்டுப் போனாயே, உனக்குப் பயமாக இருந்ததா? அதையாவது யாரிடமாவது சொன்னாயா?

ஜெனிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அசதிதான் பாக்கி. நேற்று போன் பண்ணினாள். "அத்தை, நிஜமாவே நான் இல்லையா?"

"யாருக்கும் தெரியாதுடி. தெரிஞ்சாலும், அது உன் குத்தம் இல்லை."

மறுபடி கேட்பாள். வேலை நேரத்தில் கேட்பாள், கல்யாண மேடையில்கூடக் கேட்பாள். எத்தனை தடவை கேட்டாலும், முதல் தடவை கேட்கிற மாதிரியே நின்று பதில் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் தங்கச்சி,
ஜெனியோட அத்தை,
ஸ்டெல்லா