நாத்தனார் திறந்த ஜன்னல்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

கண் ஆபரேஷன் முடிந்து பழையபடி புத்தகமும் கையுமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் பிள்ளை சொன்னார். எங்கள் நூலகத்தில் ஒரு நாவலுக்கு அடிதடி. உங்களுக்கென்றே கடையில் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

கதையில், பிள்ளை பெற்று இரண்டு மாதமான ஒருத்தி. ராத்திரி அவள் சாத்திவிட்டுப் படுக்கிற ஜன்னல், காலையில் திறந்து கிடக்கிறது. குழந்தை குளிரில் நடுங்கிக் கிடக்கிறது. அவளே செய்கிறாள் என்கிறார்கள் எல்லோரும். நீங்கள்தான் பாதிக் கதையிலேயே ஆளைப் பிடித்துவிடுவீர்களே! போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. எழுதுங்கள்.

பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறான்.

அன்புடன்,
மருமகள்

பிப்ரவரி 14

மருமகளுக்கு ஆசீர்வாதம்.

புத்தகத்தைக் கீழே வைக்க முடியலை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுபோச்சு. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? பெத்தவளேதான். மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்குறவளுக்குத் தான் என்ன செஞ்சோம்னு எப்படித் தெரியும்? பாவம், அந்த நாத்தனார்! தன் வீட்டை விட்டுட்டு வந்து தாங்குறா. குழந்தையை அவகிட்டயே கொடுத்துடலாம்.

உன்னை நினைச்சுச் சொல்லலை. நீயும் அப்போ இப்படித்தான் இருந்தே. நான் மட்டும் இல்லேன்னா... சரி, அது பழைய கதை. இன்னும் பாதி பாக்கி இருக்கு.

அத்தை

பிப்ரவரி 27

மருமகளுக்கு,

முடிச்சுட்டேன். நாத்தனாரே ஜன்னலைத் திறந்தாளாம், குழந்தையைத் தானே வெச்சுக்கணும்னு அவ்வளவு ஆசையாம். நம்புற மாதிரியா இருக்கு? எதையோ மனசுல வெச்சுக்கிட்டுத்தான் அனுப்பியிருக்கே. நீ தூங்கினே, கட்டில்லேருந்து குழந்தை விழுந்தான். ஊருக்கே தெரியும்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புறேன். என் பிள்ளைகிட்ட காட்டாதே.

அத்தை

மார்ச் 8

அத்தைக்கு,

பார்சலைப் பிரித்தது உங்கள் பிள்ளை. மேலேயே உங்கள் கடிதம். காட்டாதே என்று எழுதியதாலேயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடித்துவிட்டு நேற்று கேட்டார்: "அன்னிக்கு நீ குழந்தையைத் தொட்டில்லதானே போட்டே?"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"தொட்டில்ல போட்டு வலையும் கட்டினேன். கட்டிலுக்கு யார் தூக்கிட்டு வந்தாங்கன்னு உங்க அம்மாவைக் கேளுங்க" என்றேன்.

ஊருக்குச் சொன்னதே நீங்கள்தானே? "இவகிட்ட குழந்தையை விடாதே" என்று அவரிடம் சொன்னதும் நீங்கள்தான். அவனை ஒன்றரை வருஷம் உங்களிடமே வைத்துக்கொண்டு பிறகு அனுப்பினீர்கள். என் மகன் என்னைப் பார்த்து வீறிட்டான். பிறகு "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அப்போதும் உங்களை நலம் விசாரித்து எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

கைதவறிப் போட்டீர்களா, வேண்டுமென்றே போட்டீர்களா, எனக்குத் தெரியாது. அவரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தனியாகத்தான் வருகிறார். பேரனுக்கென்று எதையும் வாங்கி வைக்காதீர்கள். இனி அவன் அங்கே வரமாட்டான்.

என்ன சொல்வதென்று யோசிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா