பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ராயக்கோட்டை

என் அன்புக்குரிய ஜெனி அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஜெனி கல்லூரியில் கடைசி வருடம் வந்துவிட்டாள். நான் அதே ரோஜாப் பண்ணையில்தான் பேக்கிங்கில் இருக்கிறேன். பிப்ரவரி காதலர் தின அவசரம் முடிந்து இப்போதுதான் விரல்களில் முள் குத்திய இடமெல்லாம் ஆறிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது நம் ஓசூர் பங்குக் கோவிலின் இளைஞர் குழுவைப் பற்றிச் சொல்லத்தான். நீங்கள் போன பிறகு ஒரு வருடம் யாரும் எந்த ஊருக்கும் போகவில்லை. கூட்டம் நடக்கும், ஜெபம் சொல்வார்கள், கலைந்துவிடுவார்கள். உங்கள் இடத்தில் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, நீங்கதான் பார்த்துக்கணும் என்றார். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

உங்களுக்கே தெரியும், நீங்கள் சுற்றுலா போட்டால் அது கம்பெனியில் ஷிப்டு போடுவது மாதிரி இருக்கும். வேன் எப்போது கிளம்பும், எங்கே டிபன், யார் பக்கத்தில் யார் என்று எல்லாம் உங்கள் தலைக்குள் தயாராக இருக்கும். ஒரு வருடம் ஒகேனக்கல், ஒரு வருடம் ஏற்காடு. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் போதும். யாரும் தொலைந்ததில்லை, யாரும் பசியோடு இருந்ததில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நானும் அதே வழியில் போகலாம் என்றுதான் நினைத்தேன். முதல் கூட்டத்தில், அங்கிள் கூட்டிட்டுப் போன மாதிரியே இந்த வருசம் ஒகேனக்கல் போகலாமா என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து மேரி எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் இருக்கிறாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க ஆன்ட்டி. நான் வர முடியாது. ஹாஸ்டல்ல ஆறரைக்குள்ள உள்ள வந்திரணும். எப்பவுமே நான் போட்டோல பாத்துக்கிடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். அவள் பேசியதைப் பார்த்து டேவிட்டும் பேசினான். லேத் ஓட்டுகிற பையன், உங்களுக்கு நன்றாகப் பழக்கம். நைட் ஷிப்டு முடித்துவிட்டு வேனில் ஏறினால் ஒகேனக்கல் வரைக்கும் தூங்கித்தான் போயிருக்கிறேன், அருவியைக்கூட அரைத் தூக்கத்தில்தான் பார்த்தேன் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இதெல்லாம் உங்களிடம் யாரும் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்வதற்கு ஒரு இடம் வேண்டும் அல்லவா?

அன்றைக்கு என் வாயிலிருந்து தானாக வந்தது: "அப்ப நீங்களே சொல்லுங்க, எங்க போலாம்னு. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த சில வாரங்கள் என்னால் உட்காரவே முடியவில்லை. சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை. நம் ஜெனி பெங்களூரில் ஒரு பெரிய வாட்டர் பார்க் சொன்னாள். ஒருவன் ஜவளகிரிக் காடு என்றான். யானை நடமாடுகிற இடத்துக்கு எங்கள் வீட்டில் விடவே மாட்டார்கள் என்று ஷைலஜா மறுத்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிற பெண், மத்திகிரியிலிருந்து வருகிறாள், கணக்காளர் படிப்பு படிக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பேன். அவர்கள் என்னைப் பார்க்கவே மாட்டார்கள். திரும்ப மூடிக்கொள்வேன்.

கடைசியில் ஷைலஜாதான் வழி கண்டுபிடித்தாள். எந்த இடம் என்று கேட்பதை விட்டுவிட்டு, யார் யாரால் வர முடியாமல் போகிறது என்று முதலில் பார்க்கலாம் என்றாள். எல்லாரும் வந்து, எல்லாரும் நேரத்துக்குத் திரும்பக்கூடிய இடம் எது? அப்படிப் பார்த்தபோது வாட்டர் பார்க் போனது, காடு போனது. ராயக்கோட்டை மிஞ்சியது. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ரயில், மலைக்கோட்டை ஏறி மேலே சாப்பாடு, மாலை ரயிலில் திரும்புவது.

ஜெனிக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்து, "ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்ட பாக்கறதுக்கா இத்தன நாள் பேசினோம்?" என்று முணுமுணுத்தாள். அவளுக்காகப் பேசிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பெற்ற மனசு. பேசவில்லை.

ஃபாதருக்குக் கொஞ்சம் பயம். ஒரு தடவை நேரம் தவறினால் ஹாஸ்டல்காரர்கள் அந்தப் பெண்களை இனி கோவில் பக்கம்கூட விடமாட்டார்கள் என்றார். நியாயமான பயம்தான். டேவிட்டும் ஷைலஜாவும் நேரே ஹாஸ்டலுக்குப் போய் வார்டனம்மாவைப் பார்த்தார்கள். என்னையும் அழைத்தார்கள், ஆனால் பேசியது அவர்கள்தான். மேரியோடு இன்னும் இரண்டு பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. உங்கள நம்பி அனுப்பறேன் என்று அந்த அம்மா ஷைலஜாவின் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு ஒதுக்கிய வேலை என்ன தெரியுமா? ஊறுகாய். அதுவும் மாங்காய் ஊறுகாய்தான் வேண்டுமாம்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். இத்தனை வருடத்தில் ஒரு சுற்றுலாவிலும் நான் வெளியே பார்த்ததில்லை. உங்களோடு வந்தால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத்தானே பார்த்துக்கொண்டு இருப்பேன். கேளமங்கலம் தாண்டியதும் கொத்தமல்லி வயல், கோஸ் வயல், பாறை, மறுபடி வயல். நன்றாக இருந்தது.

கோட்டை ஏறும்போது மூச்சு வாங்கியது. பிள்ளைகள் எனக்காக நின்று நின்று போனார்கள். மேலே பாறைக்கு நடுவில் சுனையில் தண்ணீர் நிற்கிறது. இடிந்த சுவர், நல்ல காற்று. மேரி ஒரு பாறையில் நின்று நெடுநேரம் சுற்றிப் பார்த்தாள். ஓசூர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். டேவிட் கை காட்டினான். "இவ்வளவு நாள் இங்க இருக்கேன். கம்பெனி, ஹாஸ்டல், கோவில் மூணும்தான் தெரியும். இப்பிடி மலையெல்லாம் இருக்குன்னு யாருமே சொல்லலியே" என்றாள். எங்கள் ஊரில் கடலைப் பார்த்தால் இப்படித்தான் கண்ணுக்கு முடிவே தெரியாது என்றும் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்து, விளையாட்டு தொடங்கிய நேரத்தில் டேவிட் போனைப் பார்த்துவிட்டு எழுந்தான். திரும்பும் ரயில் வெகு தாமதம். அதில் போனால் ஹாஸ்டல் கதவு மூடிய பிறகுதான் போய்ச் சேர முடியும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களாக இருந்தால் அந்த நிமிடமே எல்லாரையும் கிளப்பியிருப்பீர்கள். நானும் அதைச் சொல்லத்தான் போனேன். ஆனால் கண் ஷைலஜா மேல் போனது. நீயே சொல்லும்மா என்றேன்.

அவள் எல்லாரையும் பாறையில் உட்காரவைத்தாள். ஹாஸ்டல் பெண்கள் மூவரையும் யாராவது துணையாகப் பஸ்ஸில் கூட்டிப்போவது, மற்றவர்கள் விளையாடிவிட்டு ரயிலில் வருவது என்று ஒரு யோசனை வந்தது. பலருக்கும் அது சரியாகப் பட்டது. மேரி குனிந்த தலை நிமிராமல், "எங்களுக்காக யாரும் வர வேண்டாம். நாங்களே பஸ் ஏறிப் போயிருவோம். நீங்க இருங்க" என்றாள்.

அப்போது பேசியது யார் தெரியுமா? உங்கள் மகள்.

"அப்பறம் இவங்க மறுபடியும் போட்டோலதான பாக்கணும்? ஒண்ணா வந்தோம், ஒண்ணாவே போலாம்."

அதற்கு மேல் பேச்சே இல்லை. பந்தை எடுத்துக்கொண்டு இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அடுத்ததில் நின்றுகொண்டே வந்தோம், எனக்கு மட்டும் யாரோ இடம் கொடுத்தார்கள். வழியில் லாரிகள் நின்று பஸ் நகராமல் போனபோது ஷைலஜா தானாகவே வார்டனம்மாவுக்குப் போன் செய்து, இன்ன இடத்தில் நிற்கிறோம், கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னாள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று அவள் முகத்தைப் பார்த்து எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேரியின் கை கம்பியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. வார்டனம்மா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"முன்னாடியே சொன்னீங்க இல்ல, அது போதும்" என்றார். பிறகு மேரியிடம், மலை ஏறினாயா, கால் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார்.

அடுத்த கூட்டத்தில் எது சரி, எது தவறு என்று அவர்களே பேசினார்கள். இனி பஸ் நேரத்தையும் சேர்த்தே பார்த்துவைக்க வேண்டும் என்று முடிவானது. அப்போது டேவிட் மெதுவாகச் சொன்னான்: "அங்கிள் இருந்திருந்தா நமக்கு முன்னாடி போய் பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிச்சு வெச்சிருப்பார்." யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது உண்மை என்று தெரியும். உங்கள் இடத்தை அவர்கள் அழிக்கவில்லை. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததைத்தான் இப்போது ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துச் செய்கிறார்கள். உங்களுக்கு இதில் வருத்தம் இருக்குமா? இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

மாம்பழக் காலத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தோப்புக்குப் போகலாம் என்று இப்போது பேச்சு நடக்கிறது. இந்த முறை மேரியும் வாக்குவாதம் செய்கிறாள். கேட்கவே ஆசையாக இருக்கிறது.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஜெனி, "நீ எங்கம்மா போகணும்னு ஆசைப்படற?" என்று கேட்டாள். நீங்கள் கூட்டிப்போன இடமெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊர் என்று நானாக ஒரு பெயரைச் சொன்னதே இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கடல் என்றேன்.

மேரி தன் ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மாதா கோவில் வாசலிலிருந்தே அலை தெரியுமாம். பண்ணையில் லீவு சொல்லிவிட்டேன். எந்த ரயில், எங்கே மாறுவது என்று நானே விசாரிப்பேன், நானே டிக்கெட் எடுப்பேன், ஜெனியை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவேன். உங்களுக்கு இது என் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
ஜெனி அம்மா