அப்பா விழுங்காத மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அப்பா தூங்கிவிட்டார். போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அட்டைப்பெட்டிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவது வேலை தேடத்தான். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "தெரிஞ்சா உங்கம்மா இன்னொரு வீட்டு வேலையும் இழுத்துப் போட்டுக்குவா. ஏற்கெனவே துரும்பா இருக்கா" என்றார்.

வேலையோடு இன்சூரன்சும் போய்விட்டது. அது எனக்குத் தெரியாது. போன மாதம் அவருடைய கொழுப்பு மாத்திரை வாங்கப் போனேன். எப்போதும் பன்னிரண்டு டாலர்தான் ஆகும். மருந்துக்கடை அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ் இல்லையே கண்ணு, இருநூத்திப் பத்து ஆகும்" என்றார். அதே டப்பா, அதே மாத்திரை. ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி வெளியே வந்தேன். அப்பாவிடம் சொன்னதும் சிரித்தார். "அந்த விலைக்குப் புது நெஞ்சே வாங்கிடலாம்" என்றார்.

தினமும் ராத்திரி நீ போனில், "என் கண்ணு முன்னாடி போடுங்க" என்பாய். அவரும் மாத்திரையைக் காட்டி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "போதுமா வார்டன்?" என்பார். நீ சிரிப்பாய். போனைப் பிடித்திருப்பவள் நான். நீ வைத்ததும் அவர் கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரையை எடுத்து, சட்டையில் துடைத்து, டப்பாவில் போட்டுவிடுகிறார். கடைசியாக மிஞ்சிய ஒன்று அது. இரண்டு வாரமாக அதைத்தான் உனக்குக் காட்டுகிறோம். ரோஸ் நிறம் போய் வெளுத்துவிட்டது.

நேற்று மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "செருப்பு வார் அறுந்துடுச்சு" என்றார். குனிந்து பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. முன்பு நெஞ்சுவலி வந்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன ராத்திரி நீ இருந்தாய். இப்போது நான் மட்டும்தான். அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

வேறு மருந்துக் கம்பெனி செய்யும் இதே மருந்து இன்சூரன்ஸ் இல்லாமலே முப்பத்தெட்டுக்குக் கிடைக்குமாம். டாக்டர் சீட்டை மாற்றி எழுதித் தர வேண்டும் என்று கடை அக்கா சொன்னார். அப்பா, "வேலை கிடைக்கட்டும், போகலாம்" என்கிறார். நீ சொன்னால்தான் கேட்பார்.

அங்கே நீ தங்கி வேலை செய்யும் வீட்டுப் பெரியவருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பதாகச் சொல்வாய். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது.

இந்தக் கடிதம் கிடைக்கும் அன்று கோபப்படாதே அம்மா. அவர் தண்ணீர் குடித்து முடித்ததும் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே, "எங்கே, வாயைத் திறங்க" என்று மட்டும் கேள். கை ஆடாமல் நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன்.

சத்தியத்தை மீறிய
உன் மகள்