நான் வெளியே நின்ற பத்து நிமிடம்

லேமினேட்டர் சூடேறும்போது ஒரு வாடை வரும். இன்று காலை ஆசிரியர் அறையில் படங்களை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டுக்கொண்டிருந்தபோது அந்த வாடை மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது ஆகாது. "டீச்சர், ஜன்னலத் திறங்க, தலை வலிக்குது" என்பீர்கள். ஏசி ஓடும் அறையில் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று அலுவலகத்திலிருந்து இருமுறை சொல்லியும் நீங்கள் கேட்டதில்லை. இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்தேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. தமிழாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து, செங்காங்கில் வீடெடுத்து, எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நான் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்தவள். தமிழில் பட்டம் வாங்கியிருந்தாலும், ஊரிலிருந்து வந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் தமிழை எடைபோடுகிறாரோ என்று தோன்றும். அதனால் உங்கள் முன்னால் முதல் சில வாரங்கள் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினேன். ஒரு நாள் தேக்கா சந்தையில் தோசைக்கு வரிசையில் நின்றபோது நீங்கள் கேட்டுவிட்டீர்கள்: "ஏன் டீச்சர், வீட்லயும் இப்படித்தான் பேசுவீங்களா? பாவம் லா உங்க வீட்டுக்காரரு." இந்த ஊர்ப் பேச்சின் அந்த 'லா'வை அதற்குள் எங்கே பிடித்தீர்கள் என்று தெரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு உங்களிடம் மட்டும் சாதாரணமாகப் பேச முடிந்தது. ஆனாலும் கடைசி வரை ஒருவரை ஒருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம்.

நீங்கள் வந்து இருபது வருடம் ஆகியும் வகுப்பில் நான் மாறவில்லை. தாய்மொழிப் பாடவேளை மணி அடித்ததும் சீனப் பிள்ளைகள் ஒரு பக்கம், மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் போக, பல வகுப்புகளிலிருந்தும் நம் பிள்ளைகள் தண்ணீர் போத்தலும் பென்சில் பெட்டியுமாகத் தமிழ் அறைக்கு வருவார்கள். தொடக்கநிலை நான்கில் அந்த வருடம் பதினொரு பேர். பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம். அவர்களுக்காக நான் அட்டைகள் செய்தேன். வாய்மொழித் தேர்வில் வரக்கூடிய தலைப்புகளுக்கெல்லாம் அழகான வாக்கியங்கள் எழுதி, லேமினேட் செய்து, மூலையில் ஓட்டை போட்டு, வளையத்தில் கோத்துக் கொடுத்தேன். 'பொறுப்புணர்ச்சி என்பது நம் ஒவ்வொருவரின் கடமை' என்று ஓர் அட்டை தொடங்கும். நானும் சிறுவயதில் அப்படித்தான் மனப்பாடம் செய்து தேறினேன்.

"லேமினேட் பண்ணிட்டா அப்புறம் ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது டீச்சர்" என்றீர்கள்.

"மாத்த வேணாம்னுதானே பண்றேன்" என்றேன்.

வர்ஷா அந்த வகுப்பின் கெட்டிக்காரி. எல்லா அட்டையும் அவளுக்கு அத்துப்படி. ஐந்தாம் வகுப்பில் உயர்தமிழ் என்ற கூடுதல் பாடம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை, அவள் அம்மாவுக்கு அதைவிட ஆசை. அதற்கு ஆண்டிறுதி மதிப்பெண் வேண்டும். பெற்றோர் சந்திப்பில், "அவளப் பத்திக் கவலப்படாதீங்க" என்று நான் வாக்கே கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் நீங்களும் நானும் தேர்வாளர்கள். பிள்ளை ஒரு பகுதியை வாசித்த பிறகு ஒரு காணொளி காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொல்வோம். உணவங்காடி நிலையத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. முதலில் வந்த பையன் பதற்றத்தில் கடற்கரை அட்டையை ஒப்பித்துவிட்டான். மணலில் குப்பை போடக்கூடாது என்று அவன் சொல்லச் சொல்ல நீங்கள் குனிந்து மதிப்பெண் தாளைத் தேடுவதுபோல் நடித்தீர்கள். அடுத்து வந்த வர்ஷா சரியான அட்டையைச் சொன்னாள். இரண்டு நிமிடம், தடங்கல் இல்லை, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நீ வீட்ல எல்லாரோடயும் வெளிய சாப்டப் போனா, தட்ட யாரும்மா எடுப்பா?"

வர்ஷா வாயைத் திறந்தாள், மூடினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது.

இருபதுக்கு நான் பதினெட்டு போட்டிருந்தேன், நீங்கள் ஒன்பது. இருவரும் பேசி ஒரே மதிப்பெண்ணுக்கு வர வேண்டும்.

"அட்டையில இல்லாததக் கேட்டா புள்ள என்ன செய்யும்?" என்றேன்.

"தட்ட யாரு எடுப்பான்னுதானே டீச்சர் கேட்டேன்? அது உரையாடல். இது ஒப்பிக்கிறது."

"ஒம்போது போட்டா உயர்தமிழ் போச்சு. தெரியும்ல?"

"தெரியும். அதான் யோசிக்கிறேன்." மதிப்பெண் தாளை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு ரீசஸ்ல அவளக் கூப்பிடுங்க. சும்மா பேசிப் பாப்போம். பேசினான்னா நான் ஏத்திக்கிறேன்" என்றீர்கள். நான் அன்று உங்களோடு சேர்ந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கவில்லை.

மறுநாள் ரீசஸ் இடைவேளையில் வர்ஷா பொட்டலத்தில் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றோடு தமிழ் அறைக்கு வந்தாள். நீங்கள் அவளுக்குப் பக்கத்தில், நான் எதிரே. நெத்திலி காரமா என்று கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். யாரோடு விளையாடுவாய் என்று கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தைரியம் சொல்வதாக நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையாக, 'ஆம்', 'இல்லை' என்று வந்தது.

அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: "டீச்சர், கேண்டீன்ல எனக்கு ஒரு கோப்பி-ஓ வாங்கிட்டு வர்றீங்களா?"

நான் போனேன் என்று நினைத்திருப்பீர்கள். உடனே போகவில்லை. கதவை மூடிவிட்டு, ஜன்னலின் சாய்வான கண்ணாடிச் சட்டங்களுக்குக் கீழே, சுவரோரமாக நின்றேன். ரீசஸ் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பது எனக்குத் தெரியாது.

"எங்க தம்பிதான் டீச்சர் தட்டு எடுப்பான். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, சூப் பவுலும் மேல வெச்சான். நான் சொன்னேன், டேய் வேணாம், ஃபால் டவுன் ஆயிடும்னு. கேக்கவே இல்ல. டமார்! அப்பா சட்டையெல்லாம் சூப்பு. அப்பா டிஷ்யூ டிஷ்யூன்னு கத்துறாங்க, அம்மா சிரிக்கிறாங்க. க்ளீனர் ஆன்ட்டி வந்து, பரவால்ல பையா, நெக்ஸ்ட் டைம் டூ டைம்ஸா எடுன்னு சொன்னாங்க."

"அந்த ஆன்ட்டி தமிழா?"

"இல்ல டீச்சர், சைனீஸ்! நான்தான் ட்ரான்ஸ்லேட் பண்ணிச் சொல்றேன்."

நீங்கள் இருவரும் சிரித்தது தாழ்வாரம் வரை கேட்டது. பத்து நிமிடம் நின்றேன். அவள் நிறுத்தாமல் பேசினாள். அந்த வருடம் முழுவதும் வாரத்தில் ஐந்து நாள் அவளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அவள் பேசுவதற்கு வேண்டியிருந்தது நான் அந்த அறையில் இல்லாமல் இருப்பதுதான்.

கடைசி நேரத்தில் ஓடிப்போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு நுழைந்தேன். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வர்ஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி அடித்ததும் போய்விட்டாள்.

"பேசுறா டீச்சர். நல்லாவே பேசுறா" என்றீர்கள். ஒன்பதை அடித்துப் பதினாறு என்று எழுதி என் பக்கம் தள்ளினீர்கள். நானும் பதினெட்டைப் பதினாறாக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல, அவளுக்கு நல்லா வரும்னு" என்றேன்.

"சொன்னீங்க" என்று கோப்பியைக் குடித்தீர்கள்.

வர்ஷாவுக்கு உயர்தமிழ் கிடைத்தது. அவள் அம்மா எனக்கு ஒரு பெட்டி பைனாப்பிள் டார்ட் கொண்டுவந்து கொடுத்து, "எல்லாம் உங்க ட்ரெய்னிங்தான்" என்றார். வாங்கிக்கொண்டேன். உங்களுக்கும் இரண்டு எடுத்து வைத்தேன். எதற்காக வந்தது என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் நீங்கள் மருத்துவ விடுப்பில் போனீர்கள். உங்களைப் பார்க்க நான் செங்காங் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் தேர்வுத்தாள், புதிய பாடநூல், உங்கள் மகனின் தேசிய சேவை என்று எல்லாவற்றையும் பேசினோம். ஒருமுறை நீங்களாகவே கேட்டீர்கள்: "வர்ஷா எப்படி இருக்கா? பேசுறாளா?" நீங்கள் கேட்டது அவளைப் பற்றி மட்டும் இல்லையோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். "நல்லா செய்யுறா டீச்சர்" என்றேன். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அவள் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல அன்று நேரம் இருந்தது. நான் ஆரஞ்சை உரித்து, நரம்பெடுத்து, உங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். நான் வெளியேதான் நின்றேன். முழுவதும் கேட்டேன். நீங்கள் என்னைக் கோப்பிக்கு அனுப்பியது எதற்கு என்றும் புரிந்தது.

உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அட்டைகள் இன்னும் இருக்கின்றன. பெற்றோர் கேட்கிறார்கள், நானும் கொடுக்கிறேன். ஆனால் வாரத்தில் ஒரு பாடவேளை அட்டைகள் பைக்குள் இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பிள்ளையாகப் பேச வரும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே திடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். என் முகம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது சுலபமாக இல்லை. ஒரு சொல் பிசகினால் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வேன்.

நேற்று புதிதாக வந்த ஒரு பெண் பிள்ளையின் முறை. தொண்டையைக் கனைத்தாள். பிறகு, "டீச்சர், நீங்க கேக்குறீங்களா?" என்றாள்.

"கேக்குறேன். நீ சொல்லு" என்றேன், திரும்பாமல்.